தினமும் பதினொன்று இருபதுக்கு

ஈஸ்வரி வீட்டுக் கம்ப்யூட்டரில் தினமும் பகல் பதினொன்று இருபதுக்கு நெட் அறுந்தது. பதினைந்து நிமிஷம் கழித்துத் தானே வந்தது. கோளாறு அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

வீட்டுக் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்பது பாதி மெஷினோடும் பாதி வீட்டாரோடும் மல்லுக்கட்டுகிற தொழில். மெஷின் பரவாயில்லை, கேட்டதற்குப் பதில் சொல்லும். வீட்டார் கேட்காததற்கு எல்லாம் சொல்வார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ரிட்டயர் ஆகி, பன்னிரண்டு வருஷமாகப் போடியில் இந்தச் சோலி பார்க்கிறேன். வீட்டில் ஒரு பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு என்னைப் போல அவதிப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குள்ளே ஒரு பதிவேடு உண்டு. எப்போது எழுந்தது, எப்போது படுத்தது, எந்தக் கம்பி எப்போது பிடுங்கப்பட்டது, எல்லாவற்றையும் மணி, நிமிஷம், நொடியோடு அதுவே எழுதி வைத்துக்கொள்ளும். லாக் என்பார்கள். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்தால் ஈவென்ட் வியூவர் என்று வரும், அதற்குள் இருக்கிறது. வீட்டில் யார் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள், அதைப் பாருங்கள். பன்னிரண்டு வருஷமாக நான் அப்படித்தான். அதில் பட்டதைத்தான் எழுதுகிறேன்.

திண்டுக்கல் பூட்டு

ஈஸ்வரி வீட்டுக்கு முதலில் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவளும் அவள் அம்மா பவுன்தாயும் மட்டும் இருக்கிற வீடு. பவுன்தாய் ஏலக்காட்டில் காயெடுக்கப் போகிறவள். விடியுமுன் ஜீப்பு ஏறி, போடிமெட்டு தாண்டிப் போய், பொழுது சாய இறங்குவாள். ஈஸ்வரிக்கு வீட்டிலிருந்தே வேலை. டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதைக் கேட்டு டைப் அடித்து, சென்னையில் ஒரு கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வார்கள். முதல் மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் தினமும் அங்கே மேடம் மீட்டிங் கூப்பிடும் நேரத்தில் நெட் போக ஆரம்பித்தது. எல்லார் முகமும் தெரியும், இவள் முகம் மட்டும் இருக்காது. செல்போன் டவர் அந்தச் சந்துக்குள் நுழையாது. இன்னும் மூன்று வாரம்தான். இப்படியே போனால் வேலை இல்லை, அம்மாவோடு ஜீப்பு ஏற வேண்டியதுதான். "நான் ஏறுனது போதும்ணே, அவ ஏறக் கூடாது" என்றாள் பவுன்தாய்.

ஈஸ்வரி ஏதோ ஆரம்பித்தாள். "மாமா, மணி பாக்குறப்ப ஒண்ணு..." என்றாள். "நீ சும்மா இரு ஆத்தா, லாக் சொல்லும்" என்று அடக்கிவிட்டேன். பவுன்தாயிடம் திரும்பி, "முதல்ல லாக்கைப் பாக்கணும்" என்றேன். அவள் உள்ளே போய் டிரங்குப் பெட்டியை உருட்டும் சத்தம் கேட்டது. சாவியோடு ஒரு பெரிய பூட்டைக் கொண்டுவந்து கீபோர்டு மேல் வைத்தாள்.

"வீட்ல இந்த லாக்குதாண்ணே இருக்கு. திண்டுக்கல் பூட்டு. இது பத்துமா?"

மாற்றாதது ஒன்றுதான்

லாக் தெளிவாகச் சொன்னது. ஞாயிறு தவிர எல்லா நாளும் பதினொன்று இருபதுக்குக் கம்பி இணைப்பு அறுகிறது. பதினொன்று முப்பத்தைந்துக்கு வருகிறது. கம்ப்யூட்டர் நேரம் சரியா என்று சுவர்க் கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தேன். ஒரு நிமிஷம் பிசகவில்லை. நான் அரைகுறையாக வேலை செய்கிறவன் இல்லை.

ஞாயிறு லீவு எடுக்கிற கோளாறு மனுஷன் பண்ணுகிற கோளாறு. அதுவும் எனக்குத் தெரியும். பதினொன்று இருபதுக்கு அந்தச் சந்தில் நான்கு நாள் போய் நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கோழி குறுக்கே போனது. அடுத்த சந்தில் ஒரு ஏலக்காய் குடோன். காய் பொறுக்குகிற பெண்கள் தலை நிமிராமல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீடுகளில் கேட்டேன். அந்த நேரத்தில் நெட் வந்தால் என்ன, போனால் என்ன என்பது போலப் பார்த்தார்கள்.

வீடுகளுக்கு நெட் பிரித்துக் கொடுக்கிற தெருப் பெட்டியிலிருந்து கூரை மேலாக வந்து நேரே கம்ப்யூட்டரில் சொருகியிருந்த நீலக் கம்பியை மாற்றினேன். மறுநாளும் அறுந்தது. கம்பி முனையில் சொருகுகிற மூக்கை மாற்றினேன். அறுந்தது. கம்ப்யூட்டருக்குள் அந்தக் கம்பி போய்ச் சேரும் கார்டை மாற்றினேன். அறுந்தது. ஒவ்வொன்றுக்கும் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்லப்பாண்டி கடைக்குத்தான் போனேன். அவனும் என் தொழில்காரன், உதிரி சாமான் விற்பான். நான்காவது தடவை போனபோது எழுந்து கும்பிட்டான்.

"அண்ணே, அந்த வீட்ல இன்னும் மாத்தாம இருக்கிறது அந்தப் புள்ளையை மட்டுந்தான்."

யானை

நடுவில் தேவாரத்தில் ஒரு சோலி. தோட்டம் துரவு வைத்திருக்கிற ஒரு சம்சாரி வீடு. மாப்பிள்ளை பேசினார். காட்டு யானை இறங்கி வந்து கரண்டுக் கம்பத்தைச் சாய்த்துவிட்டதாம். போன செவ்வாய்க்கிழமை. அந்த அதிர்ச்சியில் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டதாம். மாமனார் புதிது வாங்கித் தந்தால் தேவலை என்று என் வாயால் வர வேண்டும். மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

லாக்கைத் திறந்தேன். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து வரை கரண்டு ஒரு நொடி போகவில்லை. மெஷின் ஒன்பது மணி நேரம் ஓடியிருக்கிறது. புதிதாக மூன்று கேம் ஏற்றப்பட்டிருக்கிறது. மெதுவாகாமல் என்ன செய்யும்? படித்துச் சொன்னேன். மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை அசரவில்லை.

"ஆனையாவது பொய் சொல்லுறதாவது. பெரியவரே, உங்க லாக்குதான் பொய் சொல்லுது."

சிவப்பு

லாக் பார்க்கக் கற்றுக்கொடுப்பது தப்பு. ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்தேன். அதில் சிவப்புக் குறி நிறைய இருக்கும். பாதிக்கு மேல் ஒன்றுமில்லை. பிரிண்டர் தூங்கப் போனால்கூடச் சிவப்புக் குறி போடும். அதைச் சொல்ல மறந்துவிட்டேன். சொல்லப் பொறுமை இல்லை என்பதுதான் நிஜம். அதிகாலையில் போன். பதறிப்போய் ஓடினேன். மெஷின் பட்டுப் போல ஓடிக்கொண்டிருந்தது. மனுஷன்தான் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"முப்பத்திரண்டு வருஷம் பேப்பர் திருத்துனேன். இம்புட்டுச் சிவப்பு நான் எவனுக்கும் போட்டதில்லையப்பா."

இரண்டு லாக்

ஈஸ்வரி வீட்டுக்கு நெட் கொடுப்பது கேபிள் தங்கமாயன். அவனிடம் போனேன். அவனும் ஒரு லாக் வைத்திருந்தான். ஒவ்வொரு தெருப் பெட்டியும் எப்போது விழுந்தது, எப்போது எழுந்தது என்று அவன் கம்ப்யூட்டரில் இருந்தது. ஈஸ்வரி வீட்டுப் பெட்டி தினமும் சரியாகப் பதினொன்றுக்கு விழுந்து, பதினொன்றேகாலுக்கு எழுந்திருக்கிறது. ஞாயிறு தவிர.

"பதினொண்ணு இருபதுக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணும் ஆகலண்ணே. பெட்டி பேசிக்கிட்டுதான் இருக்கு."

"உன் மணி தப்பு."

"என் மணி தானா வானத்துல சாட்டிலைட்டுலருந்து வருதுண்ணே."

"அப்ப இது வேற கோளாறு, அது வேற கோளாறு. உன் பதினொண்ணு மணிக் கோளாறை நீ பாரு. அவ பதினொண்ணு இருபதை நான் பாத்துக்கிறேன்" என்று எழுந்துவிட்டேன். இரண்டும் பதினைந்து நிமிஷம், இரண்டும் ஞாயிறு லீவு. இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. நான் கோபமாக இருந்தேன். தங்கமாயன் வாசல்வரை பின்னாலேயே வந்தான்.

"ரெண்டு கோளாறுன்னா அந்தப் புள்ள வீட்ல ரெண்டு தடவைல்லண்ணே நெட்டு போகணும்?"

ஜன்னலில் தொங்கியது

அந்த வாரமே போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் கூப்பிட்டார்கள். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டரின் வீடு. தமிழ் ஆள்தான், இருபது வருஷமாக அந்தப் பக்கம் இருந்து பேச்சு பாதி மலையாளமாகிவிட்டது. டாங்கிள் என்கிற நெட் குச்சியைக் கம்ப்யூட்டரில் சொருகினால் சிக்னல் இல்லை. அதனால் நீளமான ஒரு கம்பியின் முனையில் சொருகி ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டிருந்தார். தானாக அணைந்துவிடுகிறது என்றார். லாக் வேறு சொன்னது. தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யாரோ குச்சியைப் பிடுங்குகிறார்கள். பிடுங்கி, சொருகி, பிடுங்கி. "வீட்ல யாரோ பண்ணுற வேலை, மறைக்காதீக" என்று ரைட்டரையும் அவர் மனைவியையும் நிற்க வைத்து விசாரித்தேன்.

அந்த அம்மாள் என் தோளுக்குப் பின்னால் ஜன்னலைக் காட்டினாள். ஒரு குரங்கு கம்பியைப் பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. ரைட்டர் என்னைச் சமாதானப்படுத்துவது போலச் சொன்னார்.

"சாரமில்ல அண்ணே. நீங்க சொன்னது ஷரியாணு. வீட்டு ஆளுதான்."

வீட்டு மணி

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை. சனிக்கிழமை ஈஸ்வரிக்குக் கடைசி மீட்டிங். மேடத்துக்கு மேலே இருக்கிறவரும் வருவார், அதில் முகம் காட்டினால்தான் வேலை. மலைப்பாதையில் மண் சரிந்து ஜீப்புகள் திரும்பிவிட்டதால் பவுன்தாய் அன்று வீட்டில் இருந்தாள். நான் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி போட்டு, கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தேன். இன்றைக்கு விடுவதில்லை.

பதினொன்று இருபது. நெட் போனது. அதே நொடி அடுத்த சந்திலிருந்து ஒரு குரல். "ஏ, டீக்கு வாங்கடீ!"

முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பவுன்தாய் சிரித்தாள். "குடோன்காரிக பதினொரு மணின்னா டாண்ணு டீ போட்டுருவாளுக."

"பதினொண்ணா? கண்ணு தெரியுதா தாயி? பதினொண்ணு இருபது" என்று சுவரைக் காட்டினேன்.

"அது எங்க வீட்டு மணிண்ணே. ஊரு மணி பதினொண்ணுதான்."

இருபது நிமிஷம்

ஜீப்பு யாருக்கும் நிற்காது. விட்டால் அன்றைய நாள் போச்சு. அதனால் மலைக்குப் போகிற வீடுகளில் கடிகாரத்தை முன்னே தள்ளி வைப்பார்கள். சிலர் பத்து நிமிஷம், பவுன்தாய் இருபது. கம்ப்யூட்டர் வந்த அன்றே, "புதுப் பெட்டி, அதுக்குள்ள இருபது நிமிஷம் பிந்திப் போகுதே" என்று அவள் குறைப்பட்டிருக்கிறாள். வீட்டில் இரண்டு மணி வேண்டாம் என்று ஈஸ்வரி கம்ப்யூட்டரையும் முன்னே தள்ளிவிட்டாள். தானாக நேரம் பிடிக்கும் வசதியையும் அணைத்துவிட்டாள். சென்னைக்குப் பதினொன்று என்றால் இவர்களுக்குப் பதினொன்று இருபது. அதிலேயே பேசி, அதிலேயே சாப்பிட்டு, அதிலேயே வாழ்கிறார்கள். நானும் தப்பான கடிகாரத்தைத் தப்பான கடிகாரத்தோடு ஒத்துப்பார்த்து, நிமிஷம் பிசகவில்லை என்று மெச்சிக்கொண்டேன். சந்தில் நான்கு நாள் போய் நின்றது மட்டும் ஊர் மணிக்கு.

லாக்கைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். முதல் நாள் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. கம்ப்யூட்டர் நேரம் மாற்றப்பட்டது என்று. லாக் பொய் சொல்லவில்லை. நான் அவ்வளவு தூரம் படிக்கவில்லை. ஈஸ்வரி என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள்.

"அன்னைக்கே சொல்ல வந்தேன் மாமா. நீங்கதான் சும்மா இருன்னீங்க."

கெட்டில்

அப்படியே எழுந்து குடோனுக்குப் போனேன். தங்கமாயனின் தெருப் பெட்டி குடோன் உள்சுவரில்தான் மாட்டியிருந்தது. அதற்குக் கரண்டு அங்கிருந்துதான். பெட்டி செத்துக் கிடந்தது. அதன் பிளக் சுவரோரம் தொங்கியது. அது இருந்த இடத்தில் ஒரு கரண்டு கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் முதலாளி வாங்கிக்கொடுத்ததாம். அந்தக் கூடத்தில் பிளக் போட ஒரே இடம்.

அன்பாகச் சொல்லியிருக்கலாம். "ஒரு நாளைக்கு டீ குடிக்காட்டி என்ன குடியா முழுகிப் போகும்?" என்று கேட்டேன். பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். காலையிலிருந்து சம்மணம் போட்டுக் காய் பொறுக்குகிறவர்களிடம் அதைக் கேட்கக் கூடாது. சரி, எனக்கு வேறு வழி தெரியும். மறுநாள் வெள்ளிக்கிழமை ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி கொண்டுபோய், கெட்டிலையும் தெருப் பெட்டியையும் அதிலேயே போட்டுக்கொடுத்தேன். இரண்டும் ஓடின. கெட்டில் கொதிக்கிற நேரம், எக்ஸ்டென்ஷன் உருகிப் புகைந்து, குடோன் ஃபியூஸ் போய், விளக்கு, மின்விசிறி, தெருப் பெட்டி எல்லாம் அணைந்தது. கரண்டு வரச் சாயங்காலம் ஆனது. ஈஸ்வரி அன்றைக்கு முழு நாளும் நெட்டில் இல்லை. "நாளைக்கும் இப்படின்னா வர வேண்டாம்" என்று மேடம் சொல்லிவிட்டார்களாம். நான் கருகிய பெட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டபோது, டீ போடுகிற சீனியம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இம்புட்டு நாளா கால்மணி நேரந்தான் போச்சு. பெரியவரு வந்து நாள்பூரா போக வச்சுட்டாரு."

சனிக்கிழமை

பாதை திறந்து ஜீப்புகள் ஓட ஆரம்பித்திருந்தன. மனசு கேட்காமல் பத்தரைக்கே குடோனுக்குப் போனேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. உள்ளே பிளக்குக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து பவுன்தாய் உட்கார்ந்திருந்தாள். ஜீப்பு ஏறவில்லை. முன்னால் மூடி போட்ட பெரிய தூக்குவாளி. மடியில் காயைக் கொட்டிக்கொண்டு, மற்ற பெண்களோடு பேசியபடியே பொறுக்கினாள். மலையில் எடுக்கிற கை. இவர்களைவிட வெரசாகப் போனது.

பதினொன்று. ஊர் மணிக்குத்தான். சீனியம்மா எழுந்தாள். "இருடி, கெட்டிலைத் தொடாத. வீட்லருந்தே போட்டுக் கொண்டாந்திருக்கேன். சுக்கும் தட்டிப் போட்டிருக்கு" என்று பவுன்தாய் மூடியைத் திறந்தாள். மணம் குடோன் முழுக்கப் போனது. டம்ளர்கள் நீண்டன. சுவரில் தெருப் பெட்டியின் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. வாங்கினேன், குடிக்க முடியவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். கால் மணி, அரை மணி. டீ ஆறிவிட்டது.

பதினொன்று நாற்பதுக்கு ஈஸ்வரி செருப்பில்லாமல் ஓடிவந்தாள். "ஆத்தா, எடுத்துக்கிட்டாக! திங்கக்கிழமையிலருந்து நெரந்தரம்!" பெண்கள் எல்லாரும் கத்தினார்கள். சீனியம்மா ஈஸ்வரியின் கன்னத்தைக் கிள்ளினாள். பவுன்தாய் எழுந்திருக்கவில்லை. மடியில் கிடந்த காயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் முகத்தை ஒருதரம் துடைத்தாள். அப்புறம் என் டம்ளரைப் பார்த்தாள்.

"ஏண்ணே குடிக்கல, சீனி பத்தலையா?"

அடுத்த வாரம் தங்கமாயன் அந்தப் பெட்டிக்கு ஒரு பேட்டரி வைத்துவிட்டான்; ஆனால் எழுதுகிறவன் நான் என்பதற்காக உங்களிடம் பொய் சொல்ல முடியாது: கோளாறை எழுதி வைத்தது லாக், மூன்று வாரம் வீணடித்தது நான், சரிசெய்தது பவுன்தாய்.